பல்லுக்கு வார்னிஷ் வேண்டாம், ஐயா

தொல்பொருட்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது வெளிப்பட்ட ஈமப் புதைப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள்தான் வந்து எடுத்துப் போனீர்கள், அதற்கு நன்றி. போன கிழமை அந்த மண்டையோட்டைப் பார்வைக்கு வைத்திருந்தீர்கள். பற்கள் பளபளத்தன. "உதிராமல் இருக்க வார்னிஷ் அடிச்சனாங்கள்" என்றார் உங்கள் உத்தியோகத்தர், பெருமையாக.

பல்லின் வெளிப்பூச்சான எனாமல் சிறுவயதில் உருவானபின் மாறுவதில்லை. முதற் கடைவாய்ப்பல்லில் பால்குடிப் பருவத்துச் சாப்பாட்டின் தடம் இருக்கும். சில மில்லிகிராம் தூள் போதும், காபன் சமதானிகளை, அதாவது எடை வேறுபட்ட காபன் அணுக்களின் விகிதத்தை, அளந்து பார்க்கலாம். நெல்லுச்சோறு விடும் தடம் வேறு, குரக்கனும் சாமையும் விடும் தடம் வேறு. யாழ்ப்பாணத்தில் ஒரு சிக்கல்: கடல்மீனும் காபன் அளவைக் குரக்கன் பக்கமே தள்ளும். மீனா குரக்கனா என்று பிரித்தறிய, எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டீன் என்ற படையில் எஞ்சியிருக்கும் புரதத்தில் நைதரசன்-15 என்ற சமதானியைப் பார்க்கவேண்டும். நம்முடைய வெக்கையில் அந்தப் புரதம் தப்புவதே அரிது. தப்பியதற்குள்ளும் வார்னிஷ் ஊறிவிட்டால்? வார்னிஷிலும் காபன்தான் இருக்கிறது, ஐயா; அது அளவைக் குழப்பிவிடும்.

தென்னிலங்கையின் பட்டதொம்பலென, பாகியன்கல போன்ற குகைகளில் கிடைத்த பற்களை இப்படி ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தார்கள் என்று 2015இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். தெற்கே குகைப் பல் பேசுகிறது. எங்கள் பல் மினுங்குகிறது.

ஆகவே, மிச்சப் பற்களுக்கு ஒன்றும் பூசாதீர்கள்.

உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் எலும்புக்கூட்டோடு எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. அன்றிலிருந்து அதன் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் எங்கட ஆளா உங்கட ஆளா என்று இழுபறிப்படுகிறோம். அந்த மனிசன் என்ன சாப்பிட்டார் என்று கேட்பாரில்லை. கேட்டால் மேடையில் கைதட்டு விழாதே!

சரி, கோபத்தை விடுகிறேன். தயவுசெய்து பற்களுக்கு ஒன்றும் பூசாமல், எந்தத் தாடையின் எந்தப் பல் என்று குறித்து, ஈரம் படாத இடத்தில் தனித்தனியாக வையுங்கள். மாதிரி எடுக்க அனுமதி கேட்டு எங்கள் மாணவர்கள் தந்த விண்ணப்பம் உங்கள் கந்தோரில் கிடக்கிறது. மறுமொழி "இல்லை" என்றாலும் பரவாயில்லை, எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்