மாத்திரையைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மகளுக்கு,

"நுரையீரல் நோய்க்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் எதற்கம்மா மாத்திரை?" என்று போன வாரம் கேட்டாய். ஏதோ சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக மாத்திரையை உன் கையில் வைத்தோமே தவிர, காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

உனக்கு உள்ள சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை நுரையீரல் நோயாக மட்டும் எண்ணாதே. 1938-இல் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர் இதை விவரித்தபோது, குழந்தைகளின் கணையத்தில் கண்ட நீர்க்கட்டிகளையும் நார்த்தன்மையையும் வைத்தே பெயர் அமைந்தது. ஏழாம் குரோமோசோமில் உள்ள சிஎஃப்டிஆர் மரபணுதான், உயிரணுவின் சவ்வில் குளோரைடு உப்பு சென்றுவர ஒரு வாயிலை அமைத்துக் கொடுக்கிறது. உனக்கு அந்த வாயில் சரியாக அமையவில்லை. உப்பு போகும் இடத்துக்கே நீரும் போகும் என்பதால், உப்பு வெளிவராத இடத்தில் நீரும் வருவதில்லை. நீர்த்து ஓட வேண்டிய சுரப்பு பசைபோல இறுகிவிடுகிறது. கணையத்தின் நுண்குழாய்கள் அப்படி அடைபடுவதால், கொழுப்பைச் செரிக்கும் நொதிகள் குடலை எட்டாமல் அங்கேயே தேங்கிக் கணையத்தை அரிக்கின்றன. நீ விழுங்குவது அந்த நொதிகளைத்தான். அவை இல்லாவிட்டால் எவ்வளவு உண்டாலும் உடல் தேறாது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேராது. கணையம் நலிந்தால் இன்சுலினும் குறையும் என்பதால்தான் ஆண்டுதோறும் சர்க்கரைப் பரிசோதனை.

வியர்வைச் சுரப்பியில் மட்டும் இது தலைகீழ். அங்கே உப்பை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டிய வாயில் செயல்படாததால், வியர்வையோடு உப்பு வெளியேறிவிடும். கைக்குழந்தையாக இருந்த உன் நெற்றியில் முத்தமிட்டபோதெல்லாம் என் உதடு கரித்தது. அதன் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. பரிசோதனையில் வியர்வைக் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தாண்டியிருந்தபோதுதான் புரிந்தது.

மூச்சுக்குழாயில் சளி இறுகினால், அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் அசைய முடியாமல் படுத்துவிடுகின்றன. தேங்கிய சளியில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் நிலைகொள்ள, அவற்றை எதிர்க்கும் அழற்சியே குழாய்களை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. இருமல் இல்லாத நாளிலும் இது உள்ளே நடந்துகொண்டிருக்கும். நெஞ்சு லேசாக இருக்கும் நாள்களில் சளி வெளியேற்றும் பயிற்சியை விட்டுவிடுகிறாய் என்று உன் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். அன்றும் செய், கண்ணே. உன்னிடம் நான் மன்றாடிக் கேட்பது இது ஒன்றுதான்.

யாரிடமிருந்து வந்தது என்றும் ஒருமுறை கேட்டிருக்கிறாய். மாற்றம் கொண்ட மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, என்னிடமிருந்து ஒன்று. எங்கள் இருவருக்கும் நோய் இல்லை. ஆனால் இருவரும் அந்த மாற்றத்தைச் சுமந்திருந்ததால் எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது. அதை அறியாமல் இருந்தோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. நீ பிறந்ததில் வருத்தம் ஒருநாளும் இருந்ததில்லை.

2012 முதல் வந்துள்ள சில மருந்துகள் அந்த வாயிலையே ஓரளவு சீராக்குகின்றன. எந்த மரபணு மாற்றம் என்பதைப் பொறுத்தே அவை பயன்படும். உன் மரபணு அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்குள்ள மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா