பந்தல்காரருக்கு யார் பணம் தருவது?

மதுரை

அன்பு மாப்ளே,

ஒசாகா உலகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. தங்கச்சி அந்தப் பெரிய மர வளையத்துக்குக் கீழே குடையோடு நிற்கும் படத்தை உன் அக்காவிடம் காட்டினேன். "நம்மளை நீங்க ராமேஸ்வரம் தாண்டிக் கூட்டிப் போனதில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பிறகு பேசவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வலது முட்டிதான் மக்கர் செய்கிறது, மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டேன். நீயோ ஒசாகாவில் அமெரிக்க அரங்கு வாசலில் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்று, நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லைப் பார்த்திருக்கிறாய். 1970-இலும் இதே ஒசாகாவில் அமெரிக்கக்காரன் நிலாக்கல்லைத்தான் வைத்திருந்தான், அப்போதும் கூட்டம் அலைமோதியது. ஐம்பத்தைந்து வருஷத்தில் சரக்கு மாறவில்லை!

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த அரங்கு அமெரிக்க அரசாங்கத்துடையதா, கம்பெனிக்காரர்களுடையதா என்று வாசலில் நின்ற பையனுக்கே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். முப்பத்து மூன்று வருஷம் கோப்பு பார்த்தவனிடம் இதைக் கேட்டால் சும்மா இருப்பானா? ஒரு வாரமாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

உலகக் கண்காட்சிக்கு 1928-இல் பாரிஸில் போட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி அழைப்பு தூதரக வழியாக நாட்டுக்குத்தான் போகும். போகிற நாடு தன் பெயரில் பேச ஒரு தலைமை ஆணையரை நியமிக்க வேண்டும். அதனால்தான் 2022 மார்ச்சில் துபாயில் அன்று முதல்வராக இருந்த ஸ்டாலின் திறந்து வைத்த தமிழ்நாடு அரங்குகூட இந்திய அரங்குக்குள்ளேதான் இருந்தது. மாநிலம் தனியாகக் கடை போட முடியாது.

அமெரிக்காவில் 1961-ஆம் வருஷச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கண்காட்சிகளில் நாடு கலந்துகொள்ள ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுக்கிறது. ஜனாதிபதி போய்ப் பந்தக்கால் நட முடியுமா? 1962-இல் கென்னடி ஓர் ஆணை போட்டு, அந்தச் சட்டப்படி தனக்கு வந்த அதிகாரங்களைக் கீழே பிரித்துக் கொடுத்தார். நம் ஊர் அரசாணையின் அடியில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று போட்டுச் செயலாளர் கையெழுத்திடுவாரே, ஆளுநர் அந்தக் கோப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாரே, கிட்டத்தட்ட அதே கதைதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. மான்ட்ரியால் கண்காட்சியில் 1967-இல் கட்டடக் கலைஞர் ஃபுல்லர் அமெரிக்க அரங்காகக் கட்டிய அந்த 76 மீட்டர் குமிழ் இப்படிக் கீழே இறங்கி வந்த அதிகாரத்தில் எழுந்ததுதான். அவர்களுடைய அரசுத் தகவல் முகமை எடுத்து நடத்தியது.

ஆனால் அதிகாரத்தைக் கொடுத்தவன் கயிற்றை விட்டுவிடுவதில்லை. 1958-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அமெரிக்க அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடம் வைத்தார்கள். பெயர் 'முடியாத வேலை'. எங்கள் நாட்டில் கறுப்பர்களை ஒதுக்கிவைக்கும் கொடுமை இருக்கிறது, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று தாங்களே ஒத்துக்கொள்கிற காட்சி. கடைசிப் பகுதியில் கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் கைகோத்து விளையாடும் பெரிய படம். காங்கிரஸில், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்தில், இருந்த தென் மாநில உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். கூடத்தை மூடி, பொதுச் சுகாதாரம் பற்றி ஏதோ வைத்துவிட்டார்கள். ஆணையர் அங்கே, கத்தரிக்கோல் வாஷிங்டனில். எனக்கு அந்தக் கூடத்தை வைத்தவர்கள் மேல்தான் மரியாதை. எந்த அரசாங்கம் பொருட்காட்சியில் தன் குறையை மாட்டி வைக்கும், சொல்.

பிறகுதான் பணக் கதை. 1999-இல் தகவல் முகமையை இழுத்து மூடி வேலையை வெளியுறவுத் துறையில் சேர்த்தார்கள். அதே வருஷம் இன்னொரு சட்டமும் வந்தது. காங்கிரஸ் தனியாக அனுமதி தராமல் வெளியுறவுத் துறை உலகக் கண்காட்சி அரங்குக்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது. அதிகாரம் துறையிடம் அப்படியே இருக்கிறது, பெட்டிச் சாவி மட்டும் இல்லை.

இதைப் படித்ததும் எனக்குத் தமுக்கம் மைதானம் ஞாபகம் வந்துவிட்டது. சித்திரைப் பொருட்காட்சியில் நான் இருந்த துறைக்கு ஒரு ஸ்டால். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஸ்டால் தொடர்பான சகல அதிகாரமும் மாவட்ட அலுவலருக்கு. அவர் பயிற்சிக்குப் போகிற அவசரத்தில் ஓரத்தில் 'ஆவன செய்க' என்று கிறுக்கி என் மேஜையில் போட்டார். பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் என்று ஒரு வரி கிடையாது. நான்தான் பந்தல்காரரிடம் வாய்வார்த்தை கொடுத்தேன். அந்த மனிதர் பதினான்கு மாதம் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார், சைக்கிளை வேப்பமரத்தில் சாய்ப்பார், உன் அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். ஒரு தீபாவளிக்கு அவளே சீட்டுப் பணத்திலிருந்து முந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் பில் பாஸானபோது, கீற்று வாங்க யார் ஒப்புதல் கொடுத்தது என்று தணிக்கையில் ஆட்சேபணை வேறு.

அமெரிக்காவுக்கும் இதே கதிதான், அளவுதான் பெரிது. 2000-இல் ஹனோவருக்கு அவர்கள் போகவே இல்லை. 2001-இல் உலகக் கண்காட்சி அமைப்பை விட்டே வெளியேறினார்கள். 2010 ஷாங்காய்க்குச் சீனாவின் மனம் நோகக் கூடாதே என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் முனைந்து நின்றார், கம்பெனிகளிடம் சுமார் 6 கோடி டாலர் திரட்டினார்கள். 2015 மிலானில் ஒரு தனியார் அமைப்பிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். புயலில் சேதமான நியூயார்க் கோனி தீவுக் கடற்கரை நடைபாதையின் பழைய பலகைகளைக் கொண்டுவந்து அழகாகத் தரை போட்டார்கள். கண்காட்சி முடிந்தபோது கடன் மிஞ்சியது. அங்கேயும் எத்தனை பந்தல்காரர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்களோ.

உச்சம் துபாய்தான். அதற்கு முன்பே, 2017-இல், அமெரிக்கா அந்த அமைப்பில் திரும்பச் சேர்ந்துவிட்டது. தங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கண்காட்சி நடத்தும் ஆசைதான் காரணம் (அந்த வாய்ப்பு கடைசியில் பியூனஸ் அயர்ஸுக்குப் போனது). ஆனால் துபாய் அரங்குக்குத் தனியார் பணம் சேரவில்லை, காங்கிரஸும் கைவிரித்தது. கடைசியில் அழைத்த வீட்டுக்காரரே, அதாவது ஐக்கிய அரபு அமீரகமே, செலவை ஏற்றுக்கொண்டது. வெளியே ஃபால்கன் ராக்கெட்டின் மாதிரி, உள்ளே அவர்களுடைய பழைய ஜனாதிபதி ஜெஃபர்சன் வைத்திருந்த குர்ஆன், கூடவே நிலாக்கல். கட்டடச் செலவு விருந்தாளிக்கு இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பாட்டி சொல்வாளே, அதை அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

உன் மகன் இதைப் படித்தால், தனியார் செலவு செய்தால் மக்கள் வரிப்பணம் மிச்சம்தானே மாமா என்பான். மிச்சம்தான். ஆனால் கொடியை நாடு ஏற்றுகிறது, கையெழுத்தும் நாட்டின் பெயரில். கடன் என்று வந்தால் மட்டும் அது வேறு யாரோ என்று கைகாட்டினால் எப்படி? போகாமல் இருந்துவிடலாம், ஹனோவரில் செய்த மாதிரி. அது நேர்மை. எனக்கு அதில் குறை இல்லை.

இந்தப் பேச்சை நேரில் தொடரலாம். தை பிறந்ததும் வருவதாகச் சொன்னாய், ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பொங்கல் நேரத்தில் கிடைக்காது. முட்டிக்கு ஜப்பானில் ஏதோ ஒட்டும் பட்டை விற்கிறார்களாமே, தங்கச்சி வாங்கியிருந்தால் இரண்டு எடுத்து வா. பேத்தி ஒவ்வொரு அரங்காக முத்திரை குத்தி வாங்கிய அந்தச் சின்னப் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டு வா. அமெரிக்கப் பக்கத்தில் யார் பெயரில் முத்திரை இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன் பழைய
அறைத்தோழன்