2024–25ஆம் ஆண்டறிக்கை: டிரையத்லான் பயிற்சிக்கு வந்த இளைஞர்களும் நீச்சலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டிக்குப் பயிற்சி தரும் நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஓட்டப் பயிற்சியும் சைக்கிள் பயிற்சியும் வழக்கம்போல் நடைபெற்றன. நம் உழைப்பில் பெரும்பங்கு இந்த ஆண்டு நீச்சலுக்கே சென்றது என்பதால் அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் டிரையத்லான், ஆற்றுநீரின் தரம் சரியில்லாததால் ஒரு நாள் தள்ளிப்போய், 2024 ஜூலை 31 அன்று நடந்தது. உறுப்பினர்கள் பலர் அதை ஒன்றாக அமர்ந்து பார்த்தோம். முன்னால் ஓடிக்கொண்டிருந்த நியூசிலாந்தின் ஹேடன் வைல்டைப் பிரிட்டனின் அலெக்ஸ் யீ இறுதிக் கட்டத்தில் முந்தியபோது எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அதன்பின் நம்மைத் தேடிவந்த புதியவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும். ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்டது, எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதுதான். இருக்கிற சைக்கிளையே ஓட்டுங்கள், முதலில் தண்ணீரில் இறங்குங்கள் என்பதே நம் பதிலாக இருந்தது. அந்தப் பதிலில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஓடத் தெரிந்தவர் மெல்ல ஓடியாவது எல்லையை எட்டிவிடலாம். நீந்தத் தெரியாதவரால் போட்டியைத் தொடங்கவே முடியாது.

வேளச்சேரி நீச்சல் குளத்தில் புதியவர்களிடம் இரண்டு விதமான சிக்கல்களைக் கண்டோம். நகரத்தில் வளர்ந்தவர்களில் பலர் இடுப்பளவு நீரில்கூட நின்றதில்லை. கிராமத்தில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்குத் துளியும் பயமில்லை. ஆனால் தலையைத் தூக்கியே நீந்துகிறார்கள். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், கால் கீழே இழுக்கும், குளத்தின் முழு நீளமாகிய 50 மீட்டரைக் கடப்பதற்குள் மூச்சு வாங்கும். இரு தரப்பினருக்கும் மருந்து ஒன்றே: முகத்தை நீருக்குள் வைத்து மூச்சைச் சிறுகச் சிறுகக் குமிழிகளாக விடுவது, பிறகு வாய் மட்டும் வெளியே வருமளவுக்குத் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை இழுப்பது. பெண் உறுப்பினர் ஒருவர் முதல் வாரங்களில் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இதை மட்டுமே செய்தார். விளிம்பை விட்டுக் கை வீசச் சொன்னபோதும் மறுத்து, மூச்சு சீரான பிறகே விட்டார். பிப்ரவரியில் அவர் 750 மீட்டரை நிற்காமல் நீந்தி முடித்ததை இந்த ஆண்டின் பெரிய வெற்றியாகப் பதிவுசெய்கிறேன்.

750 மீட்டர் என்பது ஸ்பிரிண்ட் எனும் குறுந்தூர டிரையத்லான் போட்டியின் நீச்சல் தூரம். அதன்பின் 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். குளத்தில் அந்தத் தூரத்தை நிற்காமல் நீந்தாத எவரையும் கடலுக்கு அழைத்துச் செல்வதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. சென்னையை அடுத்த கோவளத்தில் கடற்பயிற்சிக்கு மீனவர் படகு உடன் வந்தால்தான் இறங்கினோம். குளத்தின் அடியில் இருக்கும் கோடு கடலில் கிடையாது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் உயர்த்தி மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வர வேண்டும் என்பதையும் கரையிலேயே சொல்லிக்கொடுத்தோம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலை முற்றாகத் தவிர்த்தோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த சமயத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணங்களும் நின்றன. மற்ற மாதங்களில் முட்டுக்காடு வரையிலான பயணம் விடியும் முன்பே தொடங்கியது. ஹெல்மெட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினோம். சிலருக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்தச் சாலையில் லாரிகள் போகும் வேகம் தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட் வாரை மாட்டிவிட வேண்டும் என்ற போட்டி விதியையும் பயிற்சியிலேயே பழக்கினோம்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடும் பிரிக் பயிற்சியில் தொடை கல்லாய்க் கனப்பதாக எல்லோரும் சொன்னார்கள். கடைசிச் சில கிலோமீட்டரில் கியரைக் குறைத்து வேகமாக மிதித்தபோது அது ஓரளவு தணிந்தது. ஆர்வத்தில் ஓட்டத் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டிய சிலருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது. அவர்களைக் குளத்துக்கு மாற்றினோம். அக்னி நட்சத்திர நாட்களில் உப்பிட்ட நீர்மோர் பெரிதும் கைகொடுத்தது.

இளம் உறுப்பினர்கள் சிலர் முதல் ஸ்பிரிண்ட் போட்டியை நல்லபடியாக முடித்துள்ளனர். அவர்களில் சிலர் இப்போதே கோவாவின் அயர்ன்மேன் 70.3 என்ற நெடுந்தூர டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆசைப்படுகின்றனர். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்பது முதல் ஆண்டுக்கு உரியது அல்ல என்பது என் உறுதியான கருத்து. இடையில் 1.5, 40, 10 கிலோமீட்டர் கொண்ட ஒலிம்பிக் தூரம் இருக்கிறது. அதை ஒரு முறையாவது முடித்துவிட்டு அவர்கள் கோவா செல்லட்டும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாம் அணுகிய ஒரு குளத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரம் முற்பகலில் மட்டுமே உள்ளது. வேலைக்குச் செல்லும் பெண்கள் அதில் எப்படி நீந்த முடியும்? இதனாலேயே வந்த வேகத்தில் நின்றுபோனவர்கள் உண்டு. எனவே வரும் ஆண்டில் சங்கச் சட்டைக்கு ஒதுக்கும் தொகையைக் கொண்டு, காலை ஆறு மணிக்கு முன் ஒரு நீச்சல் பாதையை வாடகைக்கு எடுக்கவும், பெண் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தவும் முன்மொழிகிறேன். இதைப் பொதுக்குழு இன்றே விவாதித்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து முன்வைப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்