ஆய்வு முடிவு அலமாரியில் தூங்கக் கூடாது

ஆசிரியருக்கு,

அரசுத் திட்டங்களை ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து மதிப்பிடுவது குறித்த தங்கள் தலையங்கம் காலத்துக்கு ஏற்றது. ஆனால், கண்டறிந்தது நடைமுறைக்கு வராவிட்டால் அந்த உழைப்பு வீணே. தமிழக அங்கன்வாடிகளில் கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளரை அமர்த்தி நடத்திய ஆய்வில், முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கற்றல் உயர்ந்ததோடு ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதில் வியப்பில்லை. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது என்றே காலைப்பொழுது கரையும். பாட்டுக்கும் கதைக்கும் மிஞ்சிய நேரம்தான்.

இனி இத்தகைய ஆய்வுகளுக்காக அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களிலேயே ஒரு விதி சேர்க்கலாம்: முடிவு சாதகமோ பாதகமோ, ஆறு மாதத்துக்குள் எளிய தமிழில் வெளியிட்டு, அதை ஏற்பதா மறுப்பதா என்று துறை காரணத்துடன் சட்டப்பேரவையில் அறிவிக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்