முட்டையிடம் கேட்காமல் வரம்பு போடாதீர்கள்

நீர்த் தர வரம்புகளை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்கிறேன். "இந்தத் தண்ணீரில் மீன் வாழலாம்" என்று நீங்கள் எழுதும்போது எந்த மீனை மனதில் வைத்து எழுதுகிறீர்கள்? நீந்தத் தெரிந்த மீனைத்தானே? ஒரு வேதிப்பொருளைத் தொட்டியில் கரைத்து, 96 மணி நேரம் காத்திருந்து, எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றன என்று பார்த்து, அதை ஏதோ ஒரு பாதுகாப்பு எண்ணால் வகுத்து, வரம்பு என்று அறிவிக்கும் வழக்கம் பல காலமாக இருக்கிறது. தண்ணீர் சரியில்லை என்றால் அந்த மீன் விலகிப் போய்விடும். செவுள், ஈரல், சிறுநீரகம் எல்லாம் அதற்கு உண்டு. முட்டைக்கு இதில் எது இருக்கிறது? போட்ட இடத்தில் கிடக்கும், ஆக்சிஜன் கூட உறை வழியாகத் தானாகக் கசிந்து வந்தால்தான் உண்டு.

ஆய்வகங்களில் வளர்க்கும் ஜீப்ரா மீனின் முட்டையை நுண்ணோக்கியில் ஒரு தடவை பாருங்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், கண்ணாடி போல இருக்கும். முதல் நாள் முடியும்போதே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும், இரண்டாம் நாளில் ரத்தம் ஓடுவது தெரியும், மூன்றாம் நாளுக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். இதே முட்டையைக் கச்சா எண்ணெய் கலந்த நீரில் போட்டுப் பார்த்தால், இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக் குமிழி போல வீங்கியிருக்கும், அதற்குள் இதயம் இழுத்து நீட்டிய நூலாகத் துடித்துக்கொண்டிருக்கும், தாடை குட்டையாக, வால் வளைந்து நிற்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள், இங்கே முட்டையில் வளைந்தது எந்த வயதிலும் நிமிர்வதில்லை.

இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தால் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். எனக்குக் கவலை வெளியே ஒன்றும் தெரியாமல் பொரிந்து வருகிற குஞ்சுகளைப் பற்றித்தான். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. எண்ணெய் படிந்த ஓடைகளில் இளஞ்சிவப்பு சால்மன் முட்டைகள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்துப்போவது 1993 வரை பதிவாகியிருக்கிறது. பிற்பாடு ஆய்வாளர்கள் வேறொன்றும் செய்தார்கள். முட்டைப் பருவத்தில் மிகக் குறைந்த அளவு எண்ணெய் பட்டு, நல்லபடியாகவே பொரிந்த குஞ்சுகளுக்குக் குறியிட்டுக் கடலுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் படாத குஞ்சுகளைவிட அவை குறைவாகவே திரும்பி வந்தன. உங்கள் 96 மணி நேரக் கணக்கில் இவையெல்லாம் "பிழைத்தவை".

இன்னொன்று, விஷம் தண்ணீர் வழியாகத்தான் முட்டைக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரிக்கு 1970-களில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிவோடு செலினியம் என்ற தனிமம் போய்ச் சேர்ந்தது, அளவு மீறினால் அது விஷம். தாய் மீன் இரையோடு அதை உள்ளே வாங்கி, முட்டையின் மஞ்சள் கருவில் வைத்துக் கொடுத்தது. பெரிய மீன்கள் பாட்டுக்குத் திரிந்துகொண்டிருந்தன, குஞ்சுகளோ முதுகு கோணிப் பிறந்தன அல்லது பிறக்கவே இல்லை. ஏரியில் இருந்த மீன் இனங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் காணாமல் போயின.

மீனை விட்டுவிட்டுச் சிப்பிக்கு வருவோம். 2007, 2008 வாக்கில் அமெரிக்காவின் ஒரேகான் கடற்கரையில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் சிப்பி லார்வாக்கள், அதாவது முட்டையிலிருந்து வந்த இளம் பருவத்துச் சிப்பிகள், கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் கிருமியைத்தான் சந்தேகித்தார்கள். கடைசியில் பார்த்தால், ஆழத்திலிருந்து மேலேறி வந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்து அமிலத்தன்மை கூடிய நீர். சிப்பி லார்வா தன் முதல் ஓட்டைச் சுமார் இரண்டே நாளில் கட்டியாக வேண்டும், அதுவும் முட்டையில் இருந்த கையிருப்பை மட்டும் வைத்துக்கொண்டு. தண்ணீரின் அமிலத்தன்மை கொஞ்சம் ஏறினாலும் அதே ஓட்டுக்குச் செலவு கூடிவிடும், கையிருப்பு தீர்ந்துவிடும், இரை தேடும் அளவுக்கு வளர்வதற்குள் கதை முடிந்துவிடும். அங்கே சோடியம் கார்பனேட் கலந்து, அதாவது நம் சலவைச் சோடாவைக் கலந்து, நீரைச் சரிசெய்து தப்பித்தார்கள். திறந்த கடலுக்கு யார் சோடா கலப்பது?

வெப்பம் பற்றி 2020-இல் வந்த ஓர் ஆய்வு 694 மீன் இனங்களை எடுத்துக்கொண்டது. கருவும் முட்டையிடும் பருவத்து மீனும் தாங்கும் வெப்ப வரம்பு, மற்ற பருவங்களுடையதைவிடக் குறுகலானது என்று சொன்னது. இதோடு ஆக்சிஜனையும் சேர்த்துப் பாருங்கள். நன்னீரில் 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். நீர் சூடாகச் சூடாகக் கருவுக்குத் தேவை ஏறும், வரவு இறங்கும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி (OECD) 2013-லேயே ஜீப்ரா மீன் கருவை வைத்து ஒரு சோதனை முறையை ஏற்றுக்கொண்டது. நல்லதுதான், ஆனால் அதிலும் பார்ப்பது கரு செத்ததா இல்லையா என்பதையே. அதே அமைப்பின் ஆரம்பப் பருவச் சோதனை வேறொன்று இருக்கிறது, முட்டையிலிருந்து குஞ்சு இரை தின்று வளரும்வரை வாரக்கணக்கில் தொடர்ந்து, வளர்ச்சி, ஊனம் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். செலவு அதிகம், நேரமும் பிடிக்கும், தெரியும். வரம்பு போட அதைக் கட்டாயமாக்குங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

அப்புறம் நீர் மாதிரி எடுக்கும் விஷயம். பாசி நிறைந்த குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்கு முன்னால். உங்கள் ஆட்கள் குப்பியோடு வந்து சேருவது வெயில் ஏறிய பிறகு, பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீரை ஆக்சிஜனால் நிரப்பியபின். எடுப்பதும் மேல்மட்டத்து நீரை, எத்தனையோ இனங்களின் முட்டை கிடப்பது அடியில், வண்டலுக்குப் பக்கத்தில். அப்படி எடுத்த எண்களைக் கூட்டி மாதச் சராசரி போட்டால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஒரே ஒரு இரவு மூச்சு முட்டினால் போதும், முட்டைக்கு அடுத்த நாளின் உபரி எதற்கு?

கழிவு விடும் அனுமதிச் சீட்டில் அளவு இருக்கிறது, வெப்பநிலை இருக்கிறது, இனப்பெருக்கக் காலம் பெரும்பாலும் இல்லை. அந்த நீர்நிலையில் எந்த இனம் எந்த மாதத்தில் முட்டையிடுகிறது என்று ஒரு வரி சேர்த்து, அந்த வாரங்களுக்கு மட்டும் தனி வரம்பு எழுதுங்கள். அடுத்த திருத்தத்துக்குக் கூடும்போது மேசையில் ஒரு நுண்ணோக்கியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முட்டைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர்