மடக்குத் தொலைநோக்கிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கடலூர் நண்பர்களுக்கு வணக்கம்.

என்னிடம் இருந்த லென்ஸ் 80 மி.மீ. அகலம், 1200 மி.மீ. குவியத் தூரம் (லென்ஸிலிருந்து ஒளி ஒன்றுகூடும் இடம் வரை உள்ள தூரம்). நேராகக் குழாய் போட்டால் 4 அடி வரும், எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்பாது. இப்போது இரண்டு சமதளக் கண்ணாடிகள் ஒளியை மடக்கிவிட, எல்லாம் ஒன்றே முக்கால் அடிப் பெட்டிக்குள் அடக்கம்.

முதல் நன்றி மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கும் அண்ணனுக்கு. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒளியைத் திருப்பும் பூச்சு பின்பக்கம், அதில் நட்சத்திரத்துக்கு நிழல் போல இன்னொன்று கூடவே தெரியும். முன்பக்கம் பூச்சுள்ள பட்டைகளை ஓட்டை மெஷின்களிலிருந்து கழற்றித் தந்தார். அகலம் போதாது, ஆனால் கோணம் பார்க்க அவைதான் உதவின. ஒளி கூம்பாகக் குறுகிக்கொண்டே வருவதால், பிறகு வாங்கிய நல்ல கண்ணாடிகளில் முதலாவது 60 மி.மீ., இரண்டாவது 40 மி.மீ. போதுமாக இருந்தது.

முதுநகர் லேத் பட்டறை ஐயாவை என்ன சொல்ல! லென்ஸ் உட்காரும் அலுமினிய வளையத்தில் வேண்டுமென்றே ஒரு தாள் கனம் இடைவெளி விட்டார். “பகல் சூட்டுல இறுக்கமா கடைஞ்சா, ராத்திரி அலுமினியம் சுருங்கி கண்ணாடிய நெரிக்கும் தம்பி” என்றார். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. சாய்வைச் சரிசெய்யக் கண்ணாடிகளுக்குப் பின்னால் மும்மூன்று திருகு, ஸ்பிரிங் வைத்ததும் அவரே. கூலி வாங்கவில்லை. டீக்காசும் அவர்தான் கொடுத்தார்.

லென்ஸிலிருந்து கண்ணாடிகளில் படாமல் நேராக ஐபீஸுக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸுக்கு, பாயும் வெளிச்சத்தை மறிக்காவிட்டால் படம் வெளுத்துவிடும். நடுத்தடுப்பில் ஒட்டக் கறுப்பு வெல்வெட் துண்டுகள் கொடுத்த தையல்கடை அக்காவுக்கும், பெட்டி செய்த ஆசாரிக்கும் நன்றி.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போன முதல் நாள் ஒரே மேகம். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்சை விட்டுக் கிளம்பி, 1769-இல் புதுச்சேரியில் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் கதையைச் சொல்லித் தேற்றினார் பௌதிக வாத்தியார். எங்களுக்கு மறுநாளே வானம் வெளுத்தது. வியாழனின் பட்டைகளும் நான்கு நிலாக்களும் தெரிந்தன. கண்ணாடி இரண்டு என்பதால் படம் அப்படியே தலைகீழாகச் சுழன்றிருந்ததே தவிர, கண்ணாடிப் பிம்பம் போலப் புரளவில்லை.

பெட்டியை யார் கேட்டாலும் தருகிறேன். உப்புக்காற்று பூச்சைத் தின்றுவிடும், அதனால் பார்த்ததும் மூடிவிடுங்கள். செருப்புக்கடைத் தம்பி சேர்த்துத் தந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உள்ளேயே இருக்கட்டும். அப்புறம், தூசி தெரிகிறதே என்று யாரும் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துவிடாதீர்கள்.