ஆண்டறிக்கை 2025–26: குடியிருப்போர் நலச் சங்கம்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சாலை, தெருவிளக்கு, கழிவுநீர் பற்றிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் சங்கக் கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் நீங்கள் கேட்டதால் தொடங்கிய சட்ட ஆலோசனை முகாமைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியிலேயே குடியிருக்கும் வழக்கறிஞர்கள் இருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் வாங்காமல் வந்து உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் பலர் காரியம் கைமீறிய பிறகே வந்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கூட்டம் அதிகம் சேர்ந்தது குடும்பச் சொத்து விஷயத்துக்கு. நம் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா, இருந்த ஒரே வீட்டையும் மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அவர் மகளிடம் கேட்க வேண்டிய நிலை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் 23ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது என்ற கேள்விதான் பெரிய தடை. நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. செயற்குழு உறுப்பினர் இருவர் அந்த அம்மாவோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார்கள். விசாரணை நடக்கிறது. இந்தச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயத்தில் மனுவை நாமே கொடுக்கலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம்.

பத்திரம் எழுதிய அன்று "உயிருள்ளவரை என்னைப் பராமரிக்க வேண்டும், இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கே" என்று இரண்டு வரி சேர்க்கும்படி அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லையே என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை. வயதானவர்களுக்கு என் வேண்டுகோள்: அவசரப்பட்டு செட்டில்மெண்ட் எழுதாதீர்கள். பதிவான செட்டில்மெண்டை நாம் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது.

இன்னொரு குழப்பம் நாமினி. வங்கியில் பெயர் கொடுத்துவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். உயில் இல்லாவிட்டால் அது வாரிசுகள் எல்லோருக்கும் சேர வேண்டியது. மகள்கள் விஷயத்திலும் இப்படித்தான். "கல்யாணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று" என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா, அக்கா, தங்கைகளே.

வாடகைத் தகராறுகள் பெரும்பாலும் பேசியே முடிந்தன. பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்ற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எல்லா வாடகையும் எழுத்து ஒப்பந்தமாக இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவே கூடாது.

அப்புறம் நாய் விவகாரம். ஓர் அடுக்ககத்தில் யாரும் நாய் வளர்க்கக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் போட்டார்கள். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அப்படித் தடை விதிக்கக் கூடாது என்கிறது. கேரள உயர்நீதிமன்றமும் 2021இல் அதையே சொன்னது. நம் வழக்கறிஞர்கள் இதை எடுத்துச் சொன்னதும் தீர்மானத்தைக் கைவிட்டார்கள். வளர்ப்பவர்களுக்கும் கடமை உண்டு. தடுப்பூசி, கழுத்தில் பட்டை, பொது இடத்தில் கயிறு, அசிங்கம் பண்ணினால் அள்ளிவிடுவது. கவனக்குறைவால் யாரையாவது கடித்துவிட்டால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ வரலாம்.

தெருநாய்க்குச் சோறு போடுவதில் இரு தரப்பும் என்னிடம் சண்டை போட்டாயிற்று. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயை வெறிநோயோ மூர்க்கமோ இல்லாவிட்டால் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், உள்ளாட்சி ஒதுக்கும் இடத்தில் மட்டுமே உணவு வைக்க வேண்டும் என்றது. இடம் ஒதுக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. யாரையாவது நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் பேசாமல் இருந்துவிட வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

வரும் ஆண்டில் முகாமைத் தொடரவும், உயில் எழுத விரும்பும் மூத்தோருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். வருபவர்கள் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். மூலப்பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும். தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை நமக்குத் தந்த இரு வழக்கறிஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்